வழிகாட்டியின் பின்னே செல்வது இழுக்காகுமா?

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாக அமைந்திருப்பதை நம் துறை மாணவர் அனைவரும் அறிவர். பயன் பெற்று மீளும் ஒருவன், எதிரே வரும் மற்றொருவனுக்கு வழிகூறி அனுப்புதலே அவ்வகைப் பாட்டின் பொதுவான பொருளாகும். அவற்றுள் மலைபடுகடாம் வழியின் வளத்தை மட்டும் பாடி அமைந்துவிடவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்குள்ளது, பாம்பு உறையும் குழி எது, வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது என்பனவற்றையும் விடாது எடுத்துரைக்கின்றது. முன்னே சென்று வந்தவன் சொல்லைக் கேட்டு நடப்பதை நம் முன்னோர் இழிவாகக் கருதினாரல்லர். அதனையே ஓர் இலக்கிய வகையாக உயர்த்தினர் என்க.

இக்காலத்திலோ வழிகாட்டியோடு குழுவாகச் செல்லும் பயணங்களை எள்ளி நகையாடுவோர் பெருகியுள்ளனர். “பிறர் தடம் பற்றிச் செல்வது சாகசமாகுமா? பணம் கொடுத்து வாங்கிய துணிவு துணிவாகுமா?” என்பது அவர்தம் வினா. இவ்வினாவைப் பொதுவாக வைத்து வாதிடுவதினும் ஓர் இடத்தின்மேல் வைத்து ஆராய்வதே தக்கதென நாம் கருதுகிறோம். அதற்கு ஆஸ்திரேலிய நாட்டின் நடுப்பகுதியிலுள்ள சிம்ப்சன் பாலைவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் குளிர்காலத்தில், தத்தம் வண்டிகளைத் தாமே ஓட்டிக்கொண்டு, ஒரு வழிகாட்டியின் வண்டியைப் பின்தொடர்ந்து, இரவில் மணலிலேயே தங்கி, அப்பாலையைக் கடக்கும் குழுக்கள் அங்கே பல.

சிம்ப்சன் பாலைவனம் 1,70,000 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்புடையது. ஆண்டு மழை பெரும்பாலும் 200 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக, உழுத வயலின் சால்போல, ஒன்றையொன்று ஒட்டிய செம்மணற் குன்றுகள் நீண்டு கிடக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையை 1,100 என்று கூறுவது வழக்கம். மேற்குச் சரிவு மெதுவாக ஏறும். கிழக்குச் சரிவு செங்குத்தாக இறங்கும். ஆதலின் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் செல்வோர்க்கு ஏற்றம் எளிது. எதிர்த்திசையில் வருவோர் ஒவ்வொரு குன்றிலும் மல்லாட வேண்டும். மேற்கு ஓரத்திலுள்ள மவுண்ட் டேரிலிருந்து கிழக்கு ஓரத்திலுள்ள பேர்ட்ஸ்வில் வரை ஏறத்தாழ 500 கிலோமீட்டர். இடையில் எரிபொருள் நிலையம் இல்லை, கடை இல்லை, மருத்துவமனை இல்லை. மணலில் ஊர்ந்து செல்லும் வண்டி சாலையில் குடிப்பதினும் மிகுதியாக எரிபொருளைக் குடிக்கும் என்பதையும் இத்தொலைவோடு சேர்த்து எண்ண வேண்டும். பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கே 35 கிலோமீட்டரில் நிற்கும் ‘பிக் ரெட்’ என்னும் குன்று ஏறக்குறைய 40 மீட்டர் உயரமுடையது. வழிநெடுக ஆயிரம் குன்றுகளை வென்று வந்தவரையும் அது ஒருமுறை திருப்பியனுப்புவதுண்டு.

இத்தகைய இடத்தில் வழிகாட்டி என்பவர் செய்யும் பணி யாது? முன்னே செல்வது மட்டுமே அவர் பணி என்று எண்ணுவோர் அத்தொழிலை அறியாதவர். புறப்படும் முன் ஒவ்வொரு வண்டியின் அடிப்பாகத்தையும் அவர் குனிந்து பார்க்கிறார். மேற்கூரையில் ஏற்றிய சுமை மிகுதியாயின் இறக்கச் சொல்கிறார். எரிபொருளும் தண்ணீரும் கணக்கிட்ட நாள்களுக்கு மேலும் சில நாள்களுக்குப் போதுமா என்று கேட்டறிகிறார். மணல் தொடங்கும் இடத்தில் அனைவரையும் நிறுத்தி, டயரின் காற்றைக் குறைக்கச் செய்கிறார். நெடுஞ்சாலையில் 35 பவுண்டுக்கு மேல் இருந்த அழுத்தம் இங்கே 18 பவுண்டு அளவிற்கு, தேவைப்படின் அதற்கும் கீழே, இறக்கப்படும். காற்று குறைந்த டயர் நீண்டு படிந்து, மணலின்மேல் ஒட்டகத்தின் பாதம்போல் விரிந்து செல்லும். காற்றைக் குறைக்க மனமில்லாமல், எஞ்சின் வலிமையை நம்பி விரைபவர், குன்றின் நடுவிலே சக்கரத்தைச் சுழற்றிப் பள்ளம் தோண்டிவிட்டு இறங்குகிறார். அந்தப் பள்ளமே பின்வருவோர்க்கு இடராகிறது. பாலைவழிகள் கெடுவதற்குப் பெருங்காரணம் வண்டிகளின் எண்ணிக்கையன்று, டயரில் மிகுந்த காற்றே என்பது நம் துணிபு.

ஒவ்வொரு வண்டியின் முன்னும் உயர்ந்த கம்பொன்றில் நிறம் பளிச்சிடும் கொடி பறக்கும். தெற்கு ஆஸ்திரேலியப் பகுதியில் அது தரையிலிருந்து 3.5 மீட்டருக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டுமென்பது விதி. குன்றின் உச்சியில் அப்பக்கத்திலிருந்து ஏறும் வண்டி கண்ணுக்குத் தெரியாது, கொடி தெரியும். வானொலிக் கருவியில் பத்தாம் அலைவரிசையைத் திறந்து வைத்து, “ஐந்து வண்டிகள் கிழக்கு நோக்கி வருகின்றோம்” என்று தலைவர் அவ்வப்போது அறிவிப்பார். குழுவின் கடைசி வண்டியைத் தேர்ந்த ஒருவரே ஓட்டுவார். வழி பிரியுமிடத்தில் தனக்குப் பின்வரும் வண்டி கண்ணில் படும்வரை முன்வண்டி நகரக் கூடாது. இவ்வொரு விதியைக் காப்பதனால், தலைவர் எத்துணைத் தொலைவு முன்னே சென்றாலும் கடைசியாள் தனித்துவிடப்படுவதில்லை.

வண்டி புதைந்தால் என் செய்வது? முதலில் மண்வாரியால் மணலை அகற்ற வேண்டும், பின்னரே கயிறு. பதற்றத்தில் கயிற்றின் முனையை இழுவைக் குண்டில் மாட்டி இழுத்து, அக்குண்டு ஒடிந்து பீரங்கிக் குண்டுபோல் பாய்ந்து ஆளைக் கொன்ற நிகழ்ச்சிகள் ஆஸ்திரேலியாவில் நடந்துள்ளன. இதற்கென வலுவான கொக்கிகள் தனியே உண்டு. கயிறு இழுபடும் வேளையில் அருகே ஒருவரும் நிற்கலாகாது. இவையெல்லாம் நூலில் படித்து அறியத்தக்கனவே. ஆனால் வெயிலில், மணலில், பின்னே நால்வர் காத்திருக்கும்போது, படித்தது நினைவுக்கு வருவதில்லை. “நில்” என்று சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் ஏனையோர் நிற்க வேண்டும்.

உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியில் சேம அச்சினைக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றில் ஔவையார் காட்டுகிறார். இன்று நாம் ‘ஸ்டெப்னி’ என்பதன் மூதாதை அது. தனியே சென்ற உமணர் எவரையும் சங்கப் பாட்டில் காண்பது அரிது. கூட்டமாகவே சென்றனர், கூட்டமாகவே தங்கினர். கோழைகளாக இருந்ததனால் அன்று, வழியை அறிந்திருந்ததனால்.

தனியே செல்வதன் விலையை ஆஸ்திரேலியரும் அறிவர். 1963 டிசம்பரில், மாரீ என்னும் ஊரையும் பேர்ட்ஸ்வில்லையும் இணைக்கும் வழியில், ஐவர் கொண்ட ஒரு குடும்பம் காரில் சென்றது. பெற்றோரும் மூன்று மைந்தரும். பெட்ரோல் தீர்ந்தது. வண்டியை விட்டு அகன்ற அவர்கள் அனைவரும் நீரின்றி இறந்தனர். அது பாலைவனத்தின் நடுவும் அன்று. கால்நடைகள் ஓட்டிச் செல்லப்படும் பழகிய வழி. பருவம் மட்டுமே பகையாயிற்று. இன்று தெற்கு ஆஸ்திரேலியாவின் எல்லைக்குட்பட்ட சிம்ப்சன் பகுதி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பயணிகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. இதனை உரிமைப் பறிப்பு என்று முணுமுணுப்போரும் உளர். நாம் அவர் பக்கம் இல்லை.

இனி, வழிகாட்டியோடு செல்வது சாகசத்தின் பெருமையைக் குறைக்கும் என்போர்க்கு வரலாற்றைக் கொண்டே விடையிறுக்கலாம். அப்பாலையைத் தனியொருவராக வென்றவர் என்று பாராட்டத்தக்க ஒருவரும் அதன் தொடக்கக்கால வரலாற்றில் இல்லை. 1886 இல் டேவிட் லிண்ட்சே உள்ளே சென்றபோது, ‘மிக்கிரி’ எனப்படும் ஊற்றுக் கிணறுகளை ஒவ்வொன்றாகக் காட்டிச் சென்றவர் அம்மண்ணுக்குரிய வாங்கங்குரு இனத்தவர் ஒருவர். 1936 இல் டெட் கோல்சன் பாலையைக் குறுக்கே கடந்தபோது உடன்சென்றவர் பீட்டர் எயின்ஸ் என்னும் பழங்குடியினர். அவ்விருவரையும் ஐந்து ஒட்டகங்கள் சுமந்தன. 1939 இல் அறிவியலாளர் சிசில் மடிகன் தம் குழுவோடு கடந்தார். பாலைக்குச் சிம்ப்சன் என்று பெயரிட்டவரும் இவரே. இவர்தம் ஒட்டகங்களை ஓட்டியவர்கள் ஜாக் பெஜாவும் நூர் முகம்மது மூஷாவும் ஆவர். மோட்டார் வண்டியில் முதன்முதல் கடந்தவர் புவியியலறிஞர் ரெஜ் ஸ்ப்ரிக். 1962 இல் மனைவியையும் இரு பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்றார். அடுத்த ஆண்டே பிரெஞ்சு எண்ணெய் நிறுவனமொன்று எண்ணெய் தேடக் குன்றுகளை நேர்கோட்டில் வெட்டித் தடம் அமைத்தது. இன்று பயணிகள் ‘பிரெஞ்சுக் கோடு’ என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் வழி அதுவே. வழியில்லாத இடத்தில் வழி கண்டதாக நினைத்துக்கொள்பவரும், எண்ணெய்க்காரர் வெட்டிய தடத்தில்தான் செல்கிறார்!

ஜாக் பெஜாவைப் பற்றியும் அவர் தந்தையைப் பற்றியும் சற்று விரித்துரைப்பது நம் கடமை. 1860 இல் பர்க், வில்ஸ் பயணத்திற்காகக் கராச்சித் துறைமுகத்திலிருந்து ஒட்டகங்கள் மெல்பர்னுக்குக் கொண்டுவரப்பட்டன. அவற்றோடு ஒட்டகக்காரரும் வந்தனர். 1866 ஐயொட்டி தாமஸ் எல்டர் என்னும் செல்வர் 120க்கும் மேற்பட்ட ஒட்டகங்களையும் 31 ஒட்டகக்காரரையும் போர்ட் அகஸ்டாவில் இறக்கினார். அதன்பின் ஆயிரக்கணக்கில் வந்தனர். பலூசிஸ்தான், சிந்து, பஞ்சாப், பெஷாவர் என்று ஊர் பலவாயினும், அனைவரையும் ‘ஆப்கானியர்’ என்ற ஒரே பெயரால் அந்நாட்டார் அழைத்தனர். பெரும்பாலோர் முஸ்லிம்கள். அவர்கள் முளைநட்ட ஊர்களில் தொழுகைக்கு இடம் கண்டனர். மாரீயில் மண்ணாலும் கூரையாலும் எழுந்த பள்ளிவாசலும், 1888-89 இல் அடிலெய்டு நகரில் எழுந்த பள்ளிவாசலும் அவர்தம் கைவண்ணம். தந்திக் கம்பிக்கான பொருள், இருப்புப்பாதைத் தளவாடம், பண்ணைகளின் கம்பளி, குடும்பங்களின் மாவும் தேயிலையும் என அனைத்தும் அவர்தம் ஒட்டகங்களின் முதுகிலேயே நாட்டின் உள்ளே சென்றன.

ஜாக்கின் தந்தை பெஜா தெர்வேஷ், பலூசிஸ்தானத்தார். 1896-97 இல் லாரன்ஸ் வெல்ஸ் தலைமையில் மேற்குப் பாலைநிலத்தை ஆராயச் சென்ற கால்வெர்ட் குழுவின் ஒட்டகங்களுக்கு அவர் பொறுப்பாளர். அக்குழுவிலிருந்து பிரிந்து சென்ற இருவர் நீரின்றி மாண்டனர். குழுவோடு நின்றோர் மீண்டனர். பெஜாவின் திறத்தையும் நேர்மையையும் கண்ட வெல்ஸ், ஒரு குன்றுக்கு அவர் பெயரை இட்டார். தம் திசைகாட்டியையும் அவருக்கே கொடுத்தார். பாலையில் ஒரு தலைவன் தன் திசைகாட்டியைப் பிறனுக்குத் தருவதன் பொருள் யாதென்பதை விளக்க வேண்டியதில்லை. பெஜா 1957 இல் காலமானார்.

ஆயினும் நாடு அவர்களை எவ்வாறு நடத்தியது? 1901 இல் இயற்றப்பட்ட குடிவரவுத் தடைச் சட்டத்திற்குப்பின், அவர்களுட் பலருக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டது. மனைவியரை அழைத்துவரவும் வழியில்லை. ஊரின் ஓரத்தில், இருப்புப்பாதைக்கு அப்பால் அவர்தம் குடியிருப்பு ஒதுக்கப்பட்டது. லாரிகள் வந்தபின் ஒட்டகங்களுக்கு வேலையில்லை. 1925 இல் தெற்கு ஆஸ்திரேலியா ஒட்டகங்களை அழிப்பதற்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. வளர்த்தவர்கள் தம் விலங்குகளைச் சுட மனமின்றிக் காட்டில் அவிழ்த்துவிட்டனர் என்பர். இன்று பாலைப் பயணிகள் குன்றின்மேல் கண்டு வியந்து படமெடுக்கும் காட்டொட்டகங்கள் அவற்றின் வழிவந்தனவே.

இதிலிருந்து நாம் கொள்ளும் கருத்து ஒன்றுண்டு. வழிகாட்டியின் பின்னே செல்வது இழுக்கன்று; வழிகாட்டியை மறப்பதே இழுக்கு. பயணம் முடிந்ததும் “நான் கடந்தேன்” என்ற பெருமை முழுவதும் பணம் கொடுத்தவருக்கும், பெயரிட்டவருக்கும், நூல் எழுதியவருக்கும் போய்ச் சேர்கிறது. முன்னே நடந்தவன் வரைபடத்தின் ஓரத்தில்கூட இல்லை. ‘சாகசம்’ என்ற சொல்லில் நமக்குள்ள ஐயம் இதுவேயன்றி, குழுவாகச் செல்வதைப் பற்றியதன்று.

மற்றொரு கேள்வியும் உண்டு. அது இன்னும் நெருக்கமானது. பணம் கொடுத்தவர் பெரியவரா, பணம் பெற்று வழிநடத்துபவர் பெரியவரா? சிம்ப்சனின் கிழக்கே அயர் ஓடை குறுக்கிடுகிறது. வானத்தில் ஒரு முகிலும் இராது. ஆனால் வடக்கே நெடுந்தொலைவில் பல நாள்களுக்கு முன் பெய்த மழை, ஓடையில் வெள்ளமாக வந்து வழியை அடைத்து நிற்கும். வடக்கே சுற்றிச் செல்ல வேண்டும், அல்லது வந்த வழியே திரும்ப வேண்டும். விடுப்பு எண்ணி வந்தவர், விமானச் சீட்டு எடுத்து வந்தவர், “தண்ணீர் முழங்கால் அளவுதானே!” என்பார். அவர் கொடுத்த பணத்தில்தான் தலைவரின் பிழைப்பு நடக்கிறது. அந்நிலையில் “திரும்புவோம்” என்று சொல்லும் தலைவருக்கு அதிகாரம் எங்கிருந்து வரும்? பணம் கைமாறும் முன்பே அது எழுத்தில் இருத்தல் வேண்டும் என்கிறோம். திரும்பினால் பணம் எவ்வளவு மீளும், எவ்வளவு மீளாது என்பதையும் முன்னரே பேசிவிட வேண்டும். திரும்பியதற்காகத் தலைவர் இழப்பை ஏற்க வேண்டிய நிலை இருக்குமாயின், ஒருநாள் அவர் திரும்பாமல் போவார்.

இது ஆஸ்திரேலியாவிற்கு மட்டும் உரிய சிக்கலன்று. 2018 மார்ச்சு 11 ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறச் சென்ற குழுக்களைச் சேர்ந்தோரில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் இளையோர், நம் மாணவரை ஒத்த அகவையினரும், அவர்க்குச் சற்றே மூத்தவரும். காட்டுத்தீக் காலத்தில் அவர்களை மேலே அழைத்துச் சென்றது முறையா என்ற வினா அன்று நாடெங்கும் எழுந்தது. அவ்வாண்டே தமிழக அரசு மலையேற்றத்திற்கு விதிகளை வகுத்தது. 2024 இல் வனத்துறை 40 வழித்தடங்களைப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடு திறந்தது; மலைவாழ் மக்களிலிருந்து இளைஞர் பலர் அவ்வழிகாட்டிகளாகப் பயிற்றப்பட்டனர். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால், வார இறுதியில் வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டு, வழியறியாத நண்பர் ஒருவரைத் தலைவராக்கிக்கொண்டு புறப்படும் நம் பிள்ளைகள், அவ்வழிகாட்டிப் பையன் “இன்று மேலே வேண்டாம்” என்றால் கேட்பார்களா? அவன் சட்டையின் நிறத்தையும் அவன் பேசும் மொழியையும் பார்த்துவிட்டு, “உனக்கென்ன தெரியும்?” என்று கேட்டுவிடுவார்களா? பெற்றோரும் ஆசிரியரும் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இதுவென நினைக்கிறோம்.

செலவைப் பற்றிய குறை உண்மையானது. நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டி, துணைக்கோள் தொலைபேசி, அனுமதிச் சீட்டு, எரிபொருள் எனக் கூட்டினால், எளியவர் எட்டாத் தொகைதான். அதனை மறுக்க நாம் முன்வரவில்லை. சுற்றுச்சூழலைப் பற்றிய குறைக்கோ பாதி விடை உண்டு. நல்ல தலைவர்கள் குப்பையை ஒன்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருகின்றனர். பாலையில் காய்ந்து கிடக்கும் மரத்துண்டும் ஏதோ ஒரு பல்லிக்கு வீடு என்பதால் விறகையும் வெளியிலிருந்தே கொண்டுசெல்கின்றனர். இருபது வண்டிகளை ஒன்றாக இழுத்துச் செல்லும் பெருங்குழுக்களை மட்டும் நம்மால் ஏற்க இயலவில்லை. அவ்வளவு வண்டிகளுக்கு ஒருவர் தலைவராக இருத்தல் அரிது. அது குழுவன்று, கூட்டம்.

வாங்கங்குரு மக்கள் ஏறத்தாழ 1900 ஐயொட்டிப் பாலையை விட்டு வெளியேறினர். மிக்கிரிகள் மணல் மூடின. அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் பேர்ட்ஸ்வில், மாரீ முதலிய ஊர்களில் வாழ்கின்றனர். கிணறுகளின் பெயரும் அவற்றோடு சேர்ந்த கதைகளும் அவர்களிடையே மறையவில்லை. வண்டிக்குழுக்களின் தலைவர்கள் இரவில் தீயைச் சுற்றி அமர்ந்து ஸ்ப்ரிக்கின் கதையையும் மடிகனின் கதையையும் சொல்கின்றனர். அங்கே அவ்வின மக்களுள் ஒருவர், கூலிக்கு அழைக்கப்பட்டவராக அன்றித் தலைவராகவே அமர்ந்து பேசும் ஏற்பாடு பெருகுமாயின், அக்குழுவில் ஓர் இடத்திற்கு நாமும் விண்ணப்பிப்போம்.

அடிலெய்டிலிருந்து வடக்கே செல்லும் வண்டிகள் பல, மாரீயில் எரிபொருள் நிரப்பிக்கொள்கின்றன. பழைய பள்ளிவாசலின் உருவில் கட்டப்பட்ட ஒரு சிறு கூரை அங்கே நிற்கிறது. ஒட்டகக்காரர் நட்ட ஈச்ச மரங்களும் நிற்கின்றன. நிறுத்தம் கால்மணி நேரம்தான். பேர்ட்ஸ்வில் 517 கிலோமீட்டர் என்று பலகை காட்டுகிறது.